ஒரு தாய்க்கு எட்டுக் குட்டி

எலிகளுக்கு ஜோடி சேர்த்து வைப்பதுதான் அவர் வேலை. ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், கொதிகலன் அறைக்கும் சலவை அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத விலங்குக்கூடம். அங்கே இருபத்தெட்டு வருடம். சாயங்காலம் ஓர் ஆணை இரண்டு பெண்களோடு ஒரே கூண்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்து, யாருக்கு யாரைப் பிடித்தது என்று பார்த்து நோட்டில் குறிப்பார். அதனால் வாசல் காவலர் அவருக்குச் சம்பந்தி என்று பேர் வைத்துவிட்டார். இயக்குநரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்ன சம்பந்தி, இன்னைக்கு எத்தனை கல்யாணம்?"

"ஆறு. ஒரு மாப்பிள்ளை மட்டும் மூலையில போய்ப் படுத்துத் தூங்கிட்டான். உன்ன மாதிரி."

விலங்குக்கூடத்துக்குள் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வெளிச் செருப்பு உள்ளே வரக்கூடாது. ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போகுமுன் முழங்கை வரை கழுவ வேண்டும். தீனி வாளிகள் மாறக்கூடாது. எலி முடியின் தூசி அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தது. மாடிப்படி ஏறினால் விசில் அடித்தது. வேறு வேலைக்கு மாறிக்கொள்ளச் சொன்ன டாக்டரிடம், "அதுங்க என்ன மூச்சிழுக்க வைக்குது, நான் அதுங்களப் பூட்டி வெச்சிருக்கேன். சரிக்குச் சரி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவருடைய ஒரே மகள் அதே நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். இருவரும் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவார்கள். கேட்டுக்கு உள்ளே அவர் அவளை மேடம் என்பார். கேட்டைத் தாண்டினால் கழுதை.

மகளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை எடுத்துக்கொண்ட கேள்வி சின்னதுதான். சோயாவில் தாவர ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. உடம்புக்குள் போனால் அது பெண் ஹார்மோன் போலக் கொஞ்சம் வேஷம் கட்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குச் சோயாப் பால்மாவு கரைத்துக் கொடுக்கிறார்கள். ஆண் குழந்தைக்குள் அந்த வயதில் போனது, அவன் வளர்ந்து ஆளான பிறகு அவன் விந்தகத்தையும் விந்தணுவையும் ஏதாவது செய்யுமா? செய்யும் என்பவர்கள் உண்டு, ஒன்றும் செய்யாது என்பவர்களும் உண்டு. எலியில் பார்த்துவிடலாம் என்று தொடங்கினார்கள். இருபத்து நான்கு தாய்கள். பன்னிரண்டுக்குச் சோயா கலந்த தீனி. கூண்டில் பச்சை அட்டை. பன்னிரண்டுக்குச் சோயா இல்லாத தீனி, வெள்ளை அட்டை. தாய் தின்றது பாலில் இறங்கும். பால் குட்டிக்குள் போகும். தொண்ணூறாம் நாள் ஆண் குட்டிகளை அறுத்துப் பார்க்க வேண்டும். மகளின் பட்டம் அந்த அறுப்பில் இருந்தது.

விலங்குக்கூடத்துக்கான செய்முறைத் தாளை மகள்தான் எழுதினாள். ஒரே பக்கம். ஏழாவது வரி, பிறந்த மூன்றாம் நாள் செய்ய வேண்டியதைச் சொன்னது: ஒவ்வொரு தாயிடமும் எட்டுக் குட்டிகள் இருக்குமாறு சமப்படுத்தவும். அவர் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கூண்டுகளுக்கு எதிர்ச் சுவரில், நான்கு மூலையிலும் டேப் வைத்து ஒட்டினார்.

"ஏழாவத எனக்கே சொல்லித் தர்றீங்களா மேடம்? உங்க அம்மாவப் பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடியே அதுல நான் பாஸ்."

அது உண்மை. ஒரு தாய் ஐந்து போடும், இன்னொன்று பதினான்கு போடும். ஐந்து கொழுக்கும், பதினான்கு நோஞ்சானாகும்; பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? அதனால் கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்துக் குறைவாக இருக்கும் இடத்தில் விடுவார்கள். விடுவதில்தான் கைப்பக்குவம். வேற்று வாசம் அடித்தால் புதுத் தாய் கடித்துக் குதறிவிடும். அவர் அந்தத் தாயின் கூட்டிலிருந்தே ஈர மரத்தூளை ஒரு சிட்டிகை எடுத்து, குட்டியின் முதுகில் பூசுவார். "மாமியார் வீட்டு வாசம் பூசியாச்சு, போ" என்று மெதுவாக உள்ளே தள்ளுவார். தாய் முகர்ந்து பார்த்துவிட்டுக் காலடியில் இழுத்துக்கொள்ளும் வரை கூண்டருகே குந்தியிருப்பார். அந்த முறை ஒரு குட்டிகூடச் சாகவில்லை. அதைப் பேருந்தில் நடத்துநரிடம் முதற்கொண்டு சொன்னார்.

குட்டிகள் பால் மறப்பதற்குள் பேராசிரியை ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துவிட்டார். ஆண் குழந்தைக்குச் சோயா ஆபத்தா என்று தலைப்பு. கேள்விக்குறியை யாரும் படிக்கவில்லை. ஆய்வகத்துக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது.

தொண்ணூறாம் நாள் வந்தது. மகள் விந்தகங்களை எடை போட்டாள். அதை ஒட்டியிருக்கும் சுருள் குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து, கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டு, நுண்ணோக்கியில் விந்தணுக்களை எண்ணினாள். கட்டம் கட்டமாக, பதினாறு நாள். எண்கள் ஒரு பக்கம் சேர மறுத்தன. ஒரே வெள்ளை அட்டைக் கூண்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் மூன்றுக்கு ஏராளம், இரண்டுக்குப் பாதி. பச்சையிலும் அதே கூத்து. முதலில் தன் கையைச் சந்தேகித்தாள். எல்லாவற்றையும் இன்னொருமுறை எண்ணினாள். கை சரியாகத்தான் இருந்தது.

மதியம் அவர் விலங்குக்கூடத்தின் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, மூணாம் நாள் குட்டிங்கள மாத்துனீங்கல்ல. எங்கிருந்து எங்க?"

"எங்க ஜாஸ்தியோ அங்கிருந்து, எங்க கம்மியோ அங்க."

"பச்சையிலிருந்து வெள்ளைக்குமா?"

"அட்டை தீனிக்குத்தானே. குட்டிக்கு என்ன பச்சை, வெள்ளை?" எச்சில் கையோடு இடது கையால் நோட்டைத் தள்ளினார். "பாரு, எல்லாம் எழுதியிருக்கேன். பச்சை நாலுலேருந்து வெள்ளை ஒம்போதுக்கு மூணு. வெள்ளை ரெண்டுலேருந்து பச்சை ஏழுக்கு ரெண்டு."

"எந்த மூணு?"

"குட்டி குட்டிதான். அந்தத் தாயே கேக்கல, நீ வந்து கேக்குற."

மகள் சிரிக்கவில்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"பால்தான்பா மருந்து. முதல் மூணு நாள் சோயாப் பால் குடிச்சதெல்லாம் வெள்ளைக்குப் போயிருக்கு. வெள்ளையில பொறந்ததெல்லாம் பதினெட்டு நாள் சோயாப் பால் குடிச்சிருக்கு. எது எதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கூடத்துக்கு வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் குட்டிகள் பால் மறந்த பிறகு தொடங்கியவை. மூன்றாம் நாளில் எந்தத் தாயும் இன்னொரு தாய்க்குச் சமம்தான். இதில்தான் முதல்முறையாகத் தாய்க்குத் தாய் வேறு. தீனியை அவர் ஒரு நாள்கூட மாற்றிவிடவில்லை. வாளிகளை மாற்றவில்லை. பச்சையிலிருந்து வெள்ளைக்குப் போகும்போது முழங்கை வரை கழுவினார். கழுவிய கையில் குட்டியை எடுத்துப் போனார்.

"அத யாரும் சொல்லலையே," என்றார்.

"எழுதியிருக்கேன்ப்பா. தாள்லயே இருக்கு. அதே குழுவுக்குள்ளதான் மாத்தணும்னு."

"இருக்கும்," என்றார். "நான் சரியாப் படிக்கல போல."

அன்று மாலை ஆய்வகத் தொலைபேசியை மகள் எடுத்தாள். ஒரு பெண். "என் பையனுக்கு அஞ்சு மாசம் அந்த மாவுதாங்க கரைச்சுக் குடுத்தேன். வேற எதுவும் வயித்துல நிக்கல. இப்ப நாலு வயசு. பின்னாடி அவனுக்குக் குழந்தை குட்டி பொறக்கும்ல?" மகள், இன்னும் தெரியாது என்றாள். "தெரியாதுன்னா எப்படிங்க, பேப்பர்ல போட்டிருந்தாங்களே" என்றது குரல். கலந்து கிடக்கும் எண்களிலிருந்து பிடிக்காதவற்றைக் கழித்துவிட்டால் ஒரு முடிவு கிடைத்துவிடும். அப்படிச் செய்பவர்கள் உண்டு. மகளால் முடியவில்லை. பேருந்தில் அப்பாவிடம் சொன்னாள்.

"மேடம்கிட்ட சொல்லித்தான்பா ஆகணும்."

"சொல்லு. நடந்தததான சொல்லப் போற."

பேராசிரியை சத்தம் போடவில்லை. பேட்டி கொடுத்தாயிற்று, இரண்டு மாநாட்டில் பேசியாயிற்று. "இதுக்கு யாராவது பொறுப்பு எடுத்துக்கணும்மா" என்றார். திங்கட்கிழமை விசாரணை. செய்முறைத் தாளை அதன் கோப்பிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார்.

மகள் கணினியில் கோப்பைத் திறந்தாள். ஏழாவது வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். அதே குழுவுக்குள் என்ற இரண்டு வார்த்தை அங்கே இல்லை. மனதுக்குள் நூறு தடவை சொல்லிப் பழகிய வரி. கை அதை எழுதவேயில்லை. எட்டு என்று எழுதியிருந்தாள். எட்டுத்தான் அவர் செய்தார்.

பேராசிரியை நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவரும் படித்தார்.

"அந்த வார்த்தை இருக்குமே," என்றார். "இல்லாம எப்படிக் குடுத்திருப்ப? பழைய பிரதியத் திறந்துட்ட போல. சரியானதப் பிரிண்ட் எடுத்து மேஜையில வை."

அவர் காலடிச் சத்தம் நடைவழியில் தேய்ந்து போனது. மகள் இரண்டு வார்த்தையைச் சேர்த்தாள். அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது, வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பின்புறமாக விலங்குக்கூடத்துக்கு நடந்தாள். சுவரில் இருக்கும் தாளைக் கழற்ற வேண்டும். அப்பா உணவறைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் போனாள்.

சுவரில் தாள் இல்லை. டேப் ஒட்டியிருந்த நான்கு இடங்களில் மட்டும் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

விசாரிக்க மூன்று பேர்: துணை இயக்குநர், நிலையத்தின் கால்நடை மருத்துவர், பேராசிரியை. மகளும் ஓரமாக நின்றிருந்தாள். அப்பாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், உட்காரவில்லை. வேலைக்குப் போடும் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"குட்டிகள மாத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். பழக்கம்."

"இந்தத் தாள்ல அதே குழுவுக்குள்ளன்னு தெளிவா இருக்கே. படிச்சீங்களா?"

அவர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, ஏழாவது வரிக்கு நேராகப் போய் நின்றார். பிறகு மகளைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார், பக்கத்தில் நிற்கும் ஆள் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது மற்றவர் காத்திருப்பார்களே, அப்படி.

மகள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனிக்கல சார்," என்றார்.

"உங்ககிட்ட குடுத்த பிரதி எங்க?"

"கூண்டு கழுவுற தண்ணி பட்டு ஊறிப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

கால்நடை மருத்துவர் மட்டும், "இவரு இத்தனை வருஷத்துல எழுதிக் குடுத்த ஒண்ண மீறி நான் பாத்ததில்லையே" என்றார். துணை இயக்குநர் குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டது எங்கும் வரவில்லை. எண்பது சொச்சம் ஆண் எலிகள் வீண், கவனக்குறைவு, விலங்குக்கூடத்திலிருந்து உடனடி மாற்றம்.

வாகனக் கொட்டகையில் போட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சீட்டுப் புத்தகம், தகரக் கூரை. வண்டிகளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். எலித் தூசியை விட்டு வந்தால் நெஞ்சு தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டிப் புகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வாசல் காவலர் அவரைச் சம்பந்தி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஐயா என்றார். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் அவர் பக்கத்து வாசல் வழியாகப் போகத் தொடங்கினார்.

வீட்டில் அம்மா விடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிலையத்தில் சொன்னதுதான்.

"இருபத்தெட்டு வருஷம் அதுங்களோட குடும்பம் நடத்துன மனுஷனுக்கு எது எவ புள்ளன்னு தெரியாமப் போச்சா?" சோற்றைப் போட்டபடி சொல்வாள். "பெத்த பொண்ணோட படிப்பு. அதுல போயா அசட்டை? ஊரான் வேலைன்னா இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

"சரி விடு."

"என்னத்த விடறது? அவ ஒரு வருஷம் போச்சு. எடுத்துக் குடுக்குறீங்களா?"

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். மகள் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். அம்மா அவள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாள். வாரத்தில் நாலு நாள் இந்தப் பேச்சு இருந்தது.

பேருந்தில் அவர் இப்போது ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். மேடம் என்றும் சொல்லவில்லை, கழுதை என்றும் சொல்லவில்லை.

ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்கினார்கள். புது இருபத்து நான்கு தாய்கள், புது ஆள். மூன்றாம் நாள் மகள் கூடவே நின்றாள். புது ஆளுக்கு மரத்தூள் பூசத் தெரியவில்லை. பதினோரு குட்டிகளைத் தாய்கள் தின்றன. கடைசியில் பச்சைக் கூட்டத்தில் விந்தணு கொஞ்சம் குறைவாக வந்தது. எல்லா எலியிலும் இல்லை. விந்தகத்தின் எடையில் வித்தியாசமே இல்லை. மனிதக் குழந்தையைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மகள் ஒரு பத்தி எழுதினாள். நீளம் கூடுகிறது என்று பேராசிரியை அதை எடுத்துவிட்டார். மீண்டும் அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டிருந்தால் மகள் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

கொட்டகைக்குப் போன பத்தாவது மாதம் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். காலை வார்டு துடைத்த ஈரம் காயாத நேரம். மூக்கிலும் வாயிலும் சேர்த்து மருந்துப் புகை போகும் முகமூடி போட்டிருந்தார். அம்மா காபி வாங்கப் போயிருந்தாள். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தத் தாள்ல தப்பு என்னோடதுப்பா."

அவர் முகமூடியைக் கழற்றினார். "தெரியும். நீ கேட்டுட்டுப் போன அன்னைக்கே உள்ள போய்ப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கிழிச்சீங்க?"

"காகிதத்துல மாட்டிக்க வேணாம்னு கிழிச்சேன். நீயா சொன்னா அது வேற. சின்ன வயசு, தப்பு நடக்கும், ரெண்டு திட்டு விழும், போயிடும்." மூச்சு வாங்கினார். "நான் தாளத்தான் கிழிச்சேன். உன் வாயையா கட்டினேன்?"

மகள் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"நீ அச்சடிச்சுக் கொண்டு வந்தத என் கையில குடுத்தாங்க பாரு," என்றார். முடிக்கவில்லை. முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். புகை மறுபடி போகத் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தார். தண்ணீர் கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார், நர்ஸம்மாவிடம் இரண்டு தடவை ஜோக் அடித்தார். மகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லும் ஆளும் அல்ல, சொல்லவும் இல்லை.

இறந்த நான்காம் நாள் பேராசிரியை வீட்டுக்கு வந்தார். அம்மா டீ கொடுத்தாள். பேராசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கமான மனுஷன். அந்த ஒரு கவனக்குறைவ வெச்சு நாங்க யாரும் அவர எடை போடலம்மா."

"என்ன செய்ய, அவரு போதாத நேரம்," என்றாள் அம்மா.

"மேடம், அந்த வார்த்தை தாள்ல இல்ல," என்றாள் மகள். "நான் பின்னாடி சேர்த்தேன். அது இல்லாம இருந்தத நீங்களும் நின்னு படிச்சீங்க."

பேராசிரியை டீயை ஒரு வாய் குடித்தார். "மனசு சரியில்லாத நேரம். இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பும்போது மகளின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எந்தத் தாளு?"

மகள் சொன்னாள். ஏழாவது வரியில் தொடங்கி மருத்துவமனை வரை, எதையும் குறைக்காமல். முடிந்த பிறகு பேராசிரியை குடித்த டம்ளரைக் கையில் எடுத்த அம்மா அதை வைக்க இடம் தெரியாததுபோல நின்றாள்.

"பத்து மாசம் வறுத்தெடுத்தேன் அந்த மனுஷன," என்றாள். "நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட."

"அம்மா—"

"போட்டதையெல்லாம் சாப்பிட்ட."

"இயக்குநருக்கு எழுதிக் குடுக்கறேன்மா. எல்லாத்தையும்."

"யாருக்கு வேணா எழுது," என்றாள் அம்மா. "அவரு படிக்கப் போறதில்ல."

மகள் எழுதினாள். இரண்டு பக்கம். தேதி, வரி எண், எந்த வார்த்தை எப்போது சேர்க்கப்பட்டது, சேர்க்கும் முன் யார் படித்தார்கள், ஊழியர் மேல் பிழை ஏதுமில்லை என்பது வரை. ஒன்பது நாள் கழித்து அது அவள் மேஜைக்கே திரும்பி வந்தது. மேலே ஒரு சின்னச் சீட்டு குத்தியிருந்தது: ஆய்வு மாணவர்களின் கடிதங்கள் அவரவர் வழிகாட்டி மூலமாகவே அனுப்பப்பட வேண்டும்.

அவள் மாடி ஏறிப் போய்ப் பேராசிரியையிடம் நீட்டினாள். அவர் முதல் பத்தியைப் படித்தார். "வெச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்றார்.

வைத்துவிட்டு வந்தாள். ஐந்து மாதமாகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் கேட்கிறாள். பார்ப்பதாகச் சொல்கிறார்.